படம் போட்ட டி-ஷர்ட்: அச்சு எங்கே முடிகிறது?

11 ஆண்டுகள் அச்சு மேசை முன் நின்றவள் நான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன் மேல் கெட்டி மசி, மசியை வழித்துத் தள்ளும் ரப்பர் பலகை, இவற்றோடுதான் என் இளமையின் பாதி போயிற்று. புலி, மண்டையோடு, மலைத்தொடர், கிதார், பூனை என்று டி-ஷர்ட்களில் நான் ஏற்றாத உருவம் இல்லை. அவற்றை யார், எதனோடு அணிவார்கள் என்று அப்போது யோசித்ததே கிடையாது. அச்சு நேராக விழுந்ததா, மசி இறுகியதா, அடுத்ததை எடு. அவ்வளவுதான் அன்றைய கவலை.

யோசிக்க வைத்தவன் என் அக்கா மகன். அவனிடம் 19 டி-ஷர்ட்கள் இருந்தன. எல்லாவற்றிலும் படம். எதைப் போட்டாலும், யாரோ கழற்றிக் கொடுத்ததை அவசரத்துக்கு மாட்டிக்கொண்டவன் போலவே இருப்பான். "படம் நன்றாகத்தானே இருக்கிறது, சித்தி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். படம் நன்றாகத்தான் இருந்தது. அது அவன் உடம்பில் உட்கார்ந்த இடம்தான் சரியில்லை.

கடையில் எல்லோரும் படத்தின் நடுவைப் பார்க்கிறார்கள். புலியின் கண் எப்படி, எழுத்தின் வளைவு எப்படி என்று. எனக்குப் பழக்கதோஷம், பார்வை படத்தின் ஓரங்களுக்குத்தான் போகும். மேல் ஓரம் கழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? பக்க ஓரங்கள் அக்குளை நெருங்குகின்றனவா? கீழ் ஓரம் எங்கே முடிகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் எந்தக் கால்சட்டை, மேலே சட்டை வேண்டுமா, உள்ளே செருகலாமா என்பதெல்லாம் அநேகமாகத் தானாகவே முடிவாகிவிடும். ஓரங்களைப் பார்க்காமல் வண்ணப் பொருத்தம் பேசுவது, அளவெடுக்காமல் தைப்பதைப் போன்றது.

விரற்கடைக் கணக்கு

டி-ஷர்ட்டை அணிந்துகொண்டு, கழுத்துப் பட்டியின் தையலுக்குக் கீழே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். மார்பின் நடுவே வரும் அச்சு மூன்று அல்லது நான்கு விரற்கடைக்குக் கீழே தொடங்கினால் நல்லது. கிட்டத்தட்ட 6 முதல் 8 செ.மீ. இரண்டு விரற்கடைக்குள் தொடங்கினால் குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டும் துணி போலத் தெரியும். ஆறு விரற்கடையைத் தாண்டினால் படம் மார்பை விட்டு வயிற்றுக்கு இறங்கிவிடும். தோள் தையல் கைப்பக்கம் சரிந்து வரும் பெரிய தளர்வான வெட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். கழுத்து அகலமாக இருப்பதால் துணி முழுவதுமே முன்னால் இறங்குகிறது, படமும் கூடவே இறங்குகிறது.

கீழ் ஓரம் விலா எலும்பு முடியும் இடத்தோடு நின்றுவிட்டால் உங்களுக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். உள்ளே செருகலாம், வெளியே விடலாம், மேலே இன்னொரு சட்டை போடலாம். தொப்புளைத் தாண்டிப் போகும் நீண்ட படம் என்றால் ஒரே வழி, வெளியே விட்டு, கீழே வெறுமையான கால்சட்டை.

இதைக் கண்ணாடி முன் நின்று சோதிக்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடி முன் உட்காருங்கள். நாம் அன்றாடம் பாதி நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறோம். நிற்கும்போது கம்பீரமாக இருந்த சிங்கம், உட்கார்ந்ததும் வயிற்று மடிப்பில் மாட்டித் தாடையை விழுங்கியிருக்கும். மனித முகம் அச்சிட்ட டி-ஷர்ட் என்றால் இன்னும் கொடுமை. எனக்குத் தெரிந்த ஒருவர் தம் அபிமானக் கலைஞரின் முகத்தைப் போட்டுக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அந்தக் கலைஞருக்கு மூன்று மோவாய் வந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை அச்சுத் தொழிலுக்கு வெளியே பலர் அறிய மாட்டார்கள். பெரியவர்களுக்கான டி-ஷர்ட்களில் சிறிய அளவுக்கும் மிகப் பெரிய அளவுக்கும் பெரும்பாலும் ஒரே அச்சுச் சட்டத்தைத்தான் பயன்படுத்துவோம். ஒவ்வொரு அளவுக்கும் தனிச் சட்டம் செய்தால் செலவும் நேரமும் ஏறிவிடும். ஆகவே 28 செ.மீ. அகலப் படம் மெலிந்தவரின் மார்பில் அக்குளிலிருந்து அக்குள் வரை நிறைந்து நிற்கும், பருத்தவரின் மார்பில் தபால்தலை ஒட்டியது போல நடுவில் தனித்து நிற்கும். பொம்மைக்கு மாட்டியிருப்பதைப் பார்த்தோ, விளம்பரப் படத்தைப் பார்த்தோ வாங்கினால் ஏமாறுவது இதனால்தான். நீங்கள் சிறிய அளவு அணிபவர் என்றால் படம் உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி சிறியதாக இருக்கட்டும். பெரிய அளவு என்றால் தயங்காமல் பெரிய படமாகப் பாருங்கள். உடல் பருத்தவர்கள் சின்னப் படம்தான் அணிய வேண்டும் என்று சொல்பவர்கள் அச்சு மேசையைக் கண்டதில்லை.

பெண்களுக்கு ஒரு கூடுதல் சேதி. மேசை தட்டை, நாம் தட்டை அல்ல. தட்டையாக விரித்து அச்சிட்ட வட்டம் நம் மார்பில் முட்டையாகும். நேர்கோட்டில் வந்த எழுத்து நடுவில் புடைத்து ஓரங்களில் சுருங்கும். இலை, கொடி, பறவை, அலை, கிறுக்கல் போன்ற உருவங்கள் வளைவை மன்னித்துவிடும். வட்டமும் சதுரமும் கட்டமும் மன்னிக்காது. வடிவியல் உருவம்தான் வேண்டும் என்றால், கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு சாணுக்குள் அடங்கிவிடும் சிறிய அச்சாகத் தேடுங்கள்.

சிறியது என்றால் பலம் குறைவு என்று எண்ண வேண்டாம். 1976-இல் வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் ஒரு டாக்சியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து சிவப்பு மெழுகு வண்ணத்தால் கிறுக்கியதுதான் நியூயார்க்கின் அந்தப் புகழ்பெற்ற "I ♥ NY" சின்னம். மூன்று எழுத்து, ஒரு சிவப்பு இதயம். வெள்ளை டி-ஷர்ட்டில் அதைப் பார்க்கும்போது கவனித்திருக்கிறீர்களா? எழுத்துகளைவிட அவற்றைச் சுற்றியுள்ள வெள்ளைதான் அதிகம். அந்த வெறுமைதான் அதை எந்தக் கால்சட்டையோடும் சேர்த்துவைக்கிறது.

தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

அச்சின் வகை தெரியாமல் உடுத்தும் விதம் சொல்ல முடியாது. விரலால் தடவுங்கள். ரப்பர் போல மழமழவென்று தட்டுப்பட்டால் அது பிளாஸ்டிசால் மசி. பி.வி.சி. துகள்களை எண்ணெய் போன்ற ஓர் இளக்கியில் குழைத்துச் செய்வது, சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு காட்டினால்தான் இறுகும். இது நூலுக்குள் இறங்காது, துணியின் மேல் இன்னொரு தோலாகப் படியும். அதனால் வண்ணம் பளிச்சென்று நிற்கும், காற்று மட்டும் புகாது. மார்பு முழுக்க இடைவெளியே இல்லாமல் நிரப்பிய பிளாஸ்டிசால் சதுரத்தைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால், சதுரத்துக்குப் பின்னால் அதே அளவில் வியர்வைச் சதுரம் ஒன்று உருவாகும். ஆகவே வெப்ப நாட்களுக்கு, படத்துக்குள்ளேயே துணி எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். கோட்டோவியம், புள்ளிகளால் ஆன படம், இடைவெளி விட்ட எழுத்து இவையெல்லாம் மூச்சுவிடும்.

தடவும்போது துணி மட்டுமே தட்டுப்பட்டால் அது நீர் மசியாக இருக்கும், அல்லது துணியின் சாயத்தையே வெளுக்கவைத்து உருவம் வரவழைக்கும் டிஸ்சார்ஜ் அச்சாக இருக்கும். இரண்டும் நூலோடு நூலாகக் கிடக்கும். உடம்பின் மேல் வழியும், செருகினால் மடியும், முடிச்சுப் போட்டாலும் கேட்கும். வருடங்கள் போகப் போக வண்ணம் மெல்ல மங்கும், மங்குவதும் அழகாகவே இருக்கும். கைக்குத் தனிப் படலம் ஒட்டியது போல இருந்து, ஓரத்தில் ஒரு மெல்லிய மினுமினுப்பும் தெரிந்தால் அது சூட்டில் ஒட்டும் டி.டி.எஃப். போன்ற வகை. நுணுக்கமான பல வண்ணப் படங்கள் அதில் நன்றாக வரும், ஆனால் விறைப்பாக நிற்கும்.

விறைப்பான அச்சை உள்ளே செருகாதீர்கள். செருகினால் துணி மடிய விரும்பும், அச்சு மறுக்கும். விளைவு, படத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவே ஒரு பொதி. செருகித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சின் கீழ் ஓரத்துக்கும் இடுப்புக்கும் இடையே நான்கு விரற்கடையாவது வெறும் துணி இருக்க வேண்டும். அந்த நான்கு விரற்கடையில்தான் துணி இளகித் தளர்ந்து விழ இடம் கிடைக்கும். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் செருகிப் பின்பக்கத்தை விடுவதும் நீர் மசிக்குத்தான் ஒத்துவரும். விறைத்த அச்சில் அதைச் செய்தால் அவசரத்தில் உடுத்தியதாக மட்டுமே தோன்றும்.

துணியின் கனமும் இதோடு சேர்ந்தது. சில டி-ஷர்ட்களின் லேபிளில் ஜி.எஸ்.எம். என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 150-ஐ ஒட்டி இருந்தால் மெல்லியது, 180 நடுத்தரம், 220-க்கு மேல் கனம். மெல்லிய துணியில் கனத்த அச்சு இருந்தால் படத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும், முன்பக்கம் கீழே இழுபடும். நானே அப்படிப்பட்டவற்றை நூற்றுக்கணக்கில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன், பாவம் என் தலையில். பெரிய படம் வேண்டுமென்றால் 180-க்குக் குறையாமல் பாருங்கள். 220-க்கு மேற்பட்ட துணி உடம்பை ஒட்டாமல் தன் வடிவத்தில் நிற்கும். அதற்குக் கீழே தொளதொள மெல்லிய கால்சட்டை போட்டால் மேலே பெட்டி, கீழே பாவாடை என்று ஆகும். கனத்த ஜீன்ஸோ தடித்த பருத்திக் கால்சட்டையோதான் அதற்கு ஈடுகொடுக்கும்.

இடுப்புக்குக் கீழே

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. மேலே படம் இருந்தால் கீழே வெறுமை. கருநீல ஜீன்ஸ், சாம்பல், மண் நிறம், ஆலிவ் பச்சை, கறுப்பு, இந்த ஐந்தில் இரண்டு உங்களிடம் இருந்தால் போதும். கிழித்து நைந்த ஜீன்ஸுக்கு வெடித்து மங்கிய அச்சும், மடிப்புக் கலையாத பருத்திக் கால்சட்டைக்குத் தெளிவான புது அச்சும் சேரும். மாற்றிச் செய்தால் ஒன்று மற்றதை அழுக்காகக் காட்டும்.

டி-ஷர்ட்டின் கீழ் விளிம்பு ஜிப்பின் பாதியில் நிற்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதற்குக் கீழே போனால் கால் குட்டையாகத் தெரியும். ஷார்ட்ஸ் அணியும்போது இது இன்னும் முக்கியம். டி-ஷர்ட் நீளமாக இருந்து ஷார்ட்ஸும் குட்டையாக இருந்தால், எதிரில் வருபவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கோடு போட்ட அல்லது கட்டம் போட்ட கால்சட்டையோடு படம் அணியவே கூடாது என்று ஒரு சட்டம் சொல்லித் திரிகிறார்கள். நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. ஒரே வண்ணத்தில் வரைந்த கோட்டோவியம் என்றால் மெல்லிய கோடுகளோடு அழகாகச் சேரும், இரண்டும் கோடுதானே. பல வண்ணப் படம் என்றால் அந்தச் சட்டம் சரி.

என் சொந்தத் தேர்வு, நீர் மசியில் அச்சிட்ட மெல்லிய டி-ஷர்ட்டை உள்ளே செருகி, கணுக்கால் வரை வரும் மடிப்பு வைத்த வெற்று ஸ்கர்ட். நடக்கும்போது கீழே அசையும், மேலே படம் அசையாது. பத்து வருடமாக இதையே மாற்றி மாற்றி அணிகிறேன், அலுக்கவில்லை.

மேலே ஒரு சட்டை

பொத்தான் போடாத சட்டையை டி-ஷர்ட்டுக்கு மேல் போடுவது எளிய வழி, அதேசமயம் அதிகம் கெட்டுப்போவதும் இதில்தான். திறந்த சட்டையின் நடுவே தெரியும் இடைவெளி பெரும்பாலும் ஒரு சாண்கூடத் தேறாது. அச்சின் அகலமோ ஒன்றேகால் சாண். அப்படியானால் இரு பக்கமும் கொஞ்சம் மறைந்தே தீரும். மறைவதில் கெடுதி இல்லை. எது மறைகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அக்கா மகனிடம் ஒரு கறுப்பு டி-ஷர்ட். மார்பில் ஒரே வரி, "கவலை இல்லை". வெள்ளை பிளாஸ்டிசால், கை தேர்ந்த அச்சு, எனக்கும் பிடித்திருந்தது. அதன் மேல் கட்டம் போட்ட சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றினான். இடப்பக்க முன்துண்டு சரிந்து வந்து "இல்லை"யை முழுவதுமாக மூடிவிட்டது, வலப்பக்கத்தைத் தோள்பை ஒதுக்கித் தள்ளிவிட்டது. அன்று அவனைப் பார்த்த அத்தனை பேரும் "என்னப்பா, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வந்து என்னிடம், "சித்தி, என் முகம் அவ்வளவு வாடியிருக்கிறதா?" என்றான். நான் அவன் மார்பைக் காட்டினேன்.

ஆகவே மேற்சட்டைக்கு உள்ளே எழுத்து வேண்டுமென்றால், ஒரு வரியில் நீளாமல் இரண்டு மூன்று வரிகளாக அடுக்கிய எழுத்தாக இருக்கட்டும். அல்லது நெட்டுக்குத்தான படம்: ஒரு மரம், ஒரு கலங்கரை விளக்கம், நிற்கும் கொக்கு. மேற்சட்டை வெறுமையாக இருந்தால் நல்லது. கட்டம் போட்டதுதான் இருக்கிறது என்றால், படத்தில் உள்ள பொருள்களைவிடக் கட்டம் மிகப் பெரியதாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கட்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் கண் எதில் நிற்பது என்று தெரியாமல் அலையும்.

மேலாடையை மறைக்கவும் திறக்கவும் ஒரு கருவியாகப் பயன்படுத்தியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வடிவமைப்பாளர் கதரின் ஹேம்னெட். 1984-இல் லண்டன் டவுனிங் தெருவில் நடந்த வரவேற்புக்குப் பெர்ஷிங் என்ற அமெரிக்க அணு ஏவுகணைகளை எதிர்க்கும் வாசகம் பெரிய எழுத்துகளில் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு போனார். மேலங்கியை மூடியபடியே உள்ளே சென்று, பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரோடு கைகுலுக்கிப் படம் எடுக்கும் நேரத்தில் திறந்தார். அந்த எழுத்துகளைக் கவனியுங்கள். கனமான கறுப்பு எழுத்து, வெள்ளைத் துணி, வரிவரியாக அடுக்கியது, மார்பு தொடங்கி வயிறு வரை. வேறு எந்த அலங்காரமும் இல்லை. தூரத்திலிருந்து வாசிக்க வேண்டிய வாசகத்துக்கு அதுதான் வடிவம்.

கோட்டுக்கு உள்ளே போடுவதென்றால் நான் இன்னும் கண்டிப்பானவள். ஒரு வண்ண அச்சு, நடுவில் அல்லது இட மார்பில், கழுத்துப் பட்டி தொய்யாமல் இருக்க வேண்டும். அலையலையாக நெளிந்த கழுத்துப் பட்டியை எந்தக் கோட்டாலும் காப்பாற்ற முடியாது.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, குறுக்கே போகும் பைப் பட்டை, நீளச் சங்கிலி, இவை மூன்றும் அச்சின் எதிரிகள். பட்டை படத்தை இரண்டாக வெட்டுவதோடு நிற்பதில்லை, உரசி உரசி அந்தக் கோட்டிலேயே பிளாஸ்டிசாலை வெடிக்கவும் வைக்கும். தினமும் குறுக்குப் பை மாட்டுபவர் இட மார்பில் சின்ன அச்சு உள்ள டி-ஷர்ட்டை வாங்கி, பட்டையை வலத் தோளிலிருந்து இறக்காமல் இடத் தோளிலிருந்து இறக்கினால் அச்சு தொலைந்தது. ஆகவே எந்தத் தோளில் மாட்டும் பழக்கம் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். முதுகில் பெரிய படம் போட்டவை வேறு கதை. முதுகுப்பை சுமப்பவருக்கு அது வீண் செலவு. நாள் முழுதும் யாரும் பார்க்கப் போவதில்லை, தேய்மானம் மட்டும் நிச்சயம்.

வண்ணத்தை எண்ணுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு வண்ணத்துக்கு ஓர் அச்சுச் சட்டம். நான்கு வண்ணப் படம் என்றால் நான்கு முறை மசி வழிக்க வேண்டும். கருந்துணி என்றால் முதலில் வெள்ளை அடித்தளம் ஒன்று, ஆக ஐந்து. அதனால் படத்தைப் பார்த்ததும் வண்ணங்களை எண்ணுவது எனக்கு ஊறிப்போன பழக்கம். நீங்களும் எண்ணிப் பாருங்கள். உடுத்துவதற்கு அது உதவும்.

பலரும் படத்தில் அதிகமாக இருக்கும் வண்ணத்தை எடுத்து அதே வண்ணத்தில் கால்சட்டையோ காலணியோ தேடுவார்கள். சிவப்பு டிராகன், சிவப்பு காலணி, சிவப்புத் தொப்பி. பள்ளி விளையாட்டு விழா அணி போல ஆகிவிடும். நான் சொல்வது நேர் எதிர். படத்தில் மிகக் குறைவாக இருக்கும் வண்ணத்தைத் தேடுங்கள். அந்த டிராகனின் நகத்தில் கொஞ்சம் மஞ்சள் இருக்கும், கண்ணில் ஒரு பொட்டுப் பச்சை இருக்கும். அதை எடுத்து ஒரே ஓர் இடத்தில், காலுறையிலோ கடிகாரப் பட்டையிலோ, ஒரு சாயல் மங்கலாகக் கொண்டுவாருங்கள். பார்ப்பவருக்கு ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் நன்றாக இருக்கும்.

காலணி பற்றிக் கேட்பீர்கள். வெள்ளைக் கேன்வாஸ், அல்லது டி-ஷர்ட்டின் அடிநிறத்தை ஒட்டியது. படத்தோடு போட்டிபோடும் வண்ணக்கலவைக் காலணியை வெற்று டி-ஷர்ட் அணியும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பில் உள்ளதைப் படித்துவிட்டு அணியுங்கள்

1913-இல் அமெரிக்கக் கடற்படை மாலுமிகளின் சீருடைக்குள் அணியக் கொடுத்த வெள்ளை உள்ளாடைதான் இந்த டி-ஷர்ட். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை, எவரும் எதையும் படிக்கவில்லை. இப்போது நாம் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தை விட்டு மார்பைப் படிக்கிறார். அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும்.

என் கொழுந்தன் ஒருமுறை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த உறவினரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனார். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். கட்டிலருகே குனிந்து நலம் விசாரித்தபோதுதான் நோயாளியின் பார்வை போன இடத்தைக் கவனித்தாராம். எலும்புக்கூடு ஒன்று கைகாட்டி "வா, போகலாம்" என்று அழைத்துக்கொண்டிருந்தது. அந்த டி-ஷர்ட்டை அச்சிட்டவள் நான் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

தெரியாத மொழியில் எழுத்து இருந்தால் பொருள் தெரிந்த பிறகே வாங்குங்கள். இசைக்குழுவின் பெயர் போட்டிருந்தால் இரண்டு பாடல்களாவது கேட்டிருங்கள், கேட்பதற்கு ஒரு ரசிகர் எங்காவது வந்தே தீருவார். காணொளிச் சந்திப்பு இருக்கும் நாளில், கேமராவில் அச்சின் மேல் பாதிதான் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். மேல் பாதியில் ஒரு வாளின் நுனி மட்டும் தெரிந்தால் எதிர்முனையில் இருப்பவர் பேச்சைக் கேட்கமாட்டார், மீதி வாளைத்தான் தேடுவார்.

துவைப்பது

உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் உலர்த்தினால் பாதி வேலை முடிந்தது. முறுக்கிப் பிழியாதீர்கள், அச்சு வெடிப்பது பெரும்பாலும் அந்த முறுக்கில்தான். ஈரத் துணியை ஹேங்கரில் மாட்டினால் கழுத்தும் தோளும் இழுபடும். ஆகவே கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள், கிளிப்பை அச்சில் குத்தாதீர்கள். சூடான அலமாரியில் பிளாஸ்டிசால் அச்சுகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அச்சு அச்சைத் தொடாதபடி மடிக்க வேண்டும்.

இஸ்திரி போடுவதாக இருந்தால் உள்பக்கத்தில் மட்டும். பிளாஸ்டிசால் சூட்டில் இறுகும் பொருள்தான், ஆனால் மறுபடி நேரடிச் சூடு பட்டால் இளகிவிடும். இதை அக்கா மகனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. போன மாதம் ஏதோ நேர்காணலுக்குப் போகிற அவசரத்தில், கோட்டுக்குள் போடுவதற்காக, அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டின் முன்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டான். தூக்கியபோது "இல்லை" இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது. பெட்டியின் அடிப்பகுதியில் தலைகீழாக ஒட்டியிருந்த எழுத்துகளை நான்தான் சுரண்டி எடுத்தேன். மிச்சமிருந்த "கவலை"யோடு அந்த டி-ஷர்ட் இப்போது அவனுக்கு இரவு உடை.